ஆண்ட்டி தோற்பதற்காகக் காத்திருந்தேன்

சோம்பேறிகள் காதலிக்கலாம், தப்பில்லை. ஆனால் காதலியின் அம்மா ‘கோ’ என்கிற கல் ஆட்டம் ஆடுகிறவரா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். நான் விசாரிக்கவில்லை.

நான் புந்தோங்கில் ஏர்கோன் (ஏசிதான்) பழுதுபார்க்கிறவன். கட்டினால் சூ லிங்கைத்தான் கட்டுவது என்று இருந்தேன். அவள் அம்மா ரப்பர் தோட்டத்து மளிகைக்கடைக்காரரின் மகள். சீனர்தான், ஆனால் என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். (திட்டுவதற்கென்றே தனித் தமிழ் வைத்திருந்தார்.) கைப்பேசியில் நான் கோ ஆடுவதை சூ லிங் பெருமையாக அவரிடம் சொல்லிவிட்டாள்.

“ஞாயித்துக்கெழம வா தம்பி. ஒரு ஆட்டம் ஆடுவோம். ஆளு எப்படின்னு பாத்துட்டு, அப்பறம் கல்யாணத்தப் பேசலாம்,” என்றார் ஆண்ட்டி.

அன்றே யோசனை கேட்கக் கிளம்பினேன்.

“பெரிய ஆட்டக்காரங்க ஆடுனத மனப்பாடம் பண்ணு லா மச்சான். நெட்ல கொட்டிக் கெடக்கு,” என்றான் நண்பன் குமார்.

கொட்டித்தான் கிடந்தது. எதைப் படிப்பது? கட்டம் போட்ட பலகையில் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறிக் கல் வைத்து இடம் வளைக்கும் ஆட்டம் இது. ஒவ்வொரு ஆட்டமும் அனுமார் வால். நான் புத்திசாலித்தனமாக, இருப்பதிலேயே குட்டையான ஆட்டங்களைப் பொறுக்கினேன். எல்லாம் ஒரே கதை. நடுவில் பெரிய சண்டை வரும், ஒருவர் கற்களைக் கூட்டமாகப் பறிகொடுப்பார், தலைகுனிந்து தோல்வியை ஒப்புக்கொள்வார். அதற்குமேல் ஆட்டம் நீண்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. நீளும் என்றே தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. தாழ்ந்த மேசைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஆண்ட்டி எதிரே வேர்க்கடலையை உடைத்தபடி ஆடினார். ஓடு உடையும் ஒவ்வொரு ‘டக்’குக்கும் என் முதுகு வேர்த்தது. ஆனால் சண்டை வந்ததும் குருட்டு அதிர்ஷ்டத்தில் அவருடைய ஒரு கூட்டம் கற்களைப் பிடித்துவிட்டேன்! கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தேன்.

ஆண்ட்டி அடுத்த கல்லை வைத்தார். நான் அசையவில்லை.

“என்ன லா, கல்லு வைக்கல?”

“நீங்க எப்ப தோல்விய ஒத்துக்குவீங்கன்னு பாத்துக்கிட்டிருக்கேன், ஆண்ட்டி.”

சூ லிங் தலையில் கை வைத்தாள். கடலை உடைவது நின்றது. போச்சு, பெண்ணும் இல்லை, கோப்பியும் இல்லை என்று நினைத்தேன்.

“நான் எஸ்டேட்ல வளந்தவ தம்பி. கடைசிக் கல்லு வரைக்கும் வைப்பேன். வையி.”

அதன்பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஓரங்களில் கறையான்போல அரித்துக்கொண்டே வந்தார். எங்கே தடுப்பது என்று தெரியாமல், பயத்தில் தோன்றிய இடத்தில் எல்லாம் கல் வைத்தேன். தோற்பது உறுதியானது. நான் படித்த ஆட்டங்களின்படி ஒரு கும்பிடு போட்டு எழுந்து ஓடியிருக்க வேண்டும். எழ முடியவில்லை. இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. வேறு வழியில்லாமல் கடைசிக் கல் வரைக்கும் வைத்தேன்.

ஆண்ட்டி என்னையே பார்த்தார்.

“ஆட்டம் சுத்த மோசம். ஆனா தோக்குறது தெரிஞ்சும் எந்திரிச்சுப் போகல பாரு, அது போதும். பொண்ணக் கட்டிக்க.”

அப்போதும் நான் எழவில்லை. பணிவு என்று நினைத்துக்கொண்டார்.

கால் விஷயத்தை இன்றுவரை மாமியாரிடம் சொல்லவில்லை, சொல்லப் பயம். ஆனால் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவாமல் நான் உட்கார்ந்திருந்தால் போதும், சமையலறையிலிருந்து குரல் வரும்: “என்ன தம்பி, தட்டு எப்ப தோல்விய ஒத்துக்கும்னு பாத்துக்கிட்டிருக்கியா?”