ஞாயிறு ஷோ புக்காகிவிட்டது

“போட்டோவுல உங்க பக்கத்துல நிக்கிறது யாருங்க?” என்று போனில் கேட்டது அந்தப் பெண் குரல்.

ஹரீஷ்குமார் திகைத்தான். படத்தில் நிற்பது ரூபா. அவன் நண்பன் கோபியின் மனைவி. மேஜிக் ஷோவில் உதவிக்கு ஒரு பெண் நின்றால் எடுப்பாக இருக்கும் என்று, ஒரே ஒரு படத்துக்காக அவளை நிற்க வைத்தான். அந்தப் படத்தைத்தான் இன்ஸ்டாகிராமில் தன் பக்கத்தின் உச்சியில் வைத்திருந்தான்.

பேசியவர் பெயர் சாந்தம்மா. ஓசூர் பக்கத்துப் பேரிகை ஊரில் விவசாயக் குடும்பம். வீட்டில் கல்யாணம் வரப்போகிறதாம். ‘எங்க பொண்ணு உங்க வீடியோ ஒண்ணு விடாம பாக்குது’ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். ஆனால் குரலில் கண்டிப்பு இருந்தது. யார் வீட்டுப் பெண்ணையோ கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவன் என்று தெரிந்தால், இந்த மாதிரி வீட்டில் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

“என் வொய்ஃபுங்க,” என்றான்.

மறுமுனையில் அந்த அம்மாள் யாரிடமோ கிசுகிசுப்பது கேட்டது.

“வொய்ஃபா? எங்களுக்குச் சொன்னவரு வேற மாதிரி சொன்னாரே.”

ராயக்கோட்டை ரோட்டில் இன்னொரு மேஜிக்காரர் இருக்கிறார். அவர் வேலைதான் இது என்று ஹரீஷுக்குப் பட்டது.

“யாரு என்ன சொன்னாலும் நம்பாதீங்கம்மா. ஃபேமிலியாத்தான் ஷோ பண்றோம். ஒரு பாப்பா கூட இருக்குது. நேர்லயே வந்து பாருங்க.”

“ஞாயித்துக்கிழமை ஓசூர்ல ஷோன்னு போட்டிருக்கீங்களே. அதுக்கே வர்றோம். ஆளைப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும்.”

போனை வைத்த பிறகுதான் அவனுக்கு வியர்த்தது. ஞாயிற்றுக்கிழமை ஷோ எதுவும் இல்லை. எந்த ஞாயிற்றுக்கிழமையும் இருந்ததில்லை. சிப்காட்டில் பார்த்த லேத் வேலையை விட்டுவிட்டு முழுநேர மேஜிக்கில் இறங்கியவனுக்கு, ‘இந்த ஞாயிறு புக்காகிவிட்டது’ என்று வாராவாரம் போடுவது ஒன்றுதான் தொழிலாக இருந்தது. சும்மா இருப்பவனை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அவனுக்கு ஒரு கணக்கு. பழைய சூப்பர்வைசர் வேறு, திங்கட்கிழமைக்குள் வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இந்தக் கல்யாணம் கைக்கு வராவிட்டால் லேத்தைத் தவிர வேறு வழியில்லை.

நேராகக் கோபி வீட்டுக்கு ஓடினான்.

“பாப்பாவுக்குப் பொறந்தநாள் எப்போடா?”

“தை மாசம்.”

“இந்த ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாமா?”

“இது ஆவணிடா.”

ஹரீஷ் எல்லாவற்றையும் சொன்னான். ரூபா சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். கோபி சிரிக்கவில்லை.

“என் பொண்டாட்டி உனக்குப் பொண்டாட்டி. என் பொண்ணு உனக்குப் பொண்ணு. அப்போ நான் யாருப்பா?”

“சேர் வாடகைக்குக் கொண்டாந்தவரு.”

“வீடாவது என்னோடதா?”

“ஒரு ரெண்டு மணி நேரத்துக்கு என்னோடது.”

ஞாயிற்றுக்கிழமை கோபியின் வீட்டு மொட்டை மாடியில் பலூன் கட்டினார்கள். கூட்டம் வேண்டுமே என்று லைன் வீடுகளில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டார்கள். பிறந்தநாள் என்றதும் அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஆளுக்கொரு பரிசுப் பொட்டலத்தோடு வந்தார்கள். “போன தை மாசந்தானே கேக் வெட்டுனீங்க?” என்று கேட்ட பக்கத்து வீட்டு அம்மாளுக்கு, “இது நட்சத்திரப்படிங்க” என்று ஹரீஷ் சமாளித்தான்.

சாந்தம்மா பட்டுப்புடவையில் வந்தார். கூட வந்த அவர் கணவர் கரியப்பன் வணக்கம் கூடச் சொல்லாமல், முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து மாடியை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“சொந்த வீடுங்களா?” என்று கேட்டார் சாந்தம்மா.

“வாடகைதாங்க.”

“குடி, கிடி ஏதாவது?”

“ஐயோ, தொட மாட்டேங்க. குழந்தைங்க முன்னாடி நிக்கிற தொழிலு.”

அந்த அம்மாள் மெல்லத் தலையாட்டினார். பதில் பிடித்திருக்கிறது என்று ஹரீஷுக்குத் தைரியம் வந்தது. அந்தத் தைரியம் அவர் ரூபா பக்கம் திரும்பும்வரை நின்றது.

“கல்யாணமாகி எத்தனை வருசமாச்சும்மா?”

“ஆறு,” என்றாள் ரூபா.

“நாலு,” என்றான் ஹரீஷ், அதே நேரத்தில்.

சாந்தம்மா குழந்தையைப் பார்த்தார். கேக்கின் மேல் ஐந்து என்று எழுதியிருந்தது.

“லவ் மேரேஜுங்க,” என்றான் ஹரீஷ் அவசரமாக. “முதல்ல கோயில்ல கட்டிக்கிட்டோம். ரெண்டு வருசம் கழிச்சுத்தான் வீட்டுல ஒத்துக்கிட்டாங்க. இவ ஒண்ணைச் சொல்றா, நான் இன்னொண்ணைச் சொல்றேன்.”

“கோயில்லயா,” என்றார் சாந்தம்மா. முகம் சுருங்கியது.

ஷோவை உடனே ஆரம்பித்துவிடுவதுதான் நல்லது என்று தோன்றியது. அன்று அவன் கை தவறவே இல்லை. அறுந்த கயிறு ஒட்டியது. காலி டப்பாவிலிருந்து கைக்குட்டை வந்துகொண்டே இருந்தது. தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிப் பேசி எல்லோரையும் சிரிக்க வைத்தான். சாந்தம்மாவே ஒருமுறை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவரது கண்கள் மட்டும் ஏனோ கலங்கியிருந்தன.

அப்போதுதான் கோபி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போனான்.

“அப்பா, தூக்கு,” என்று குழந்தை ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டது.

ரூபா கேக் கத்தியோடு அப்படியே நின்றாள்.

“அவரு சேர் வாடகைக்குக் கொண்டாந்தவருங்க,” என்றான் ஹரீஷ். “பாப்பா எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடும்.”

“எல்லாரையுமா?” என்றார் சாந்தம்மா.

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று ஹரீஷுக்கு உறைத்தது. கோபி நாற்காலியைக் கீழே வைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவனை முறைத்தான். “அண்ணா, கேக் வெட்டிரலாம்,” என்றாள் ரூபா ஹரீஷைப் பார்த்து, பழக்க தோஷத்தில். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஹரீஷ் கத்தியை வாங்கிக்கொண்டான். கேக்கை வெட்டி, முதல் இரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனான். கேட்டே ஆகவேண்டும். நாளை காலை லேத்தா மேஜிக்கா என்று இவர்கள்தான் சொல்லவேண்டும்.

“ஷோ எப்படிங்கம்மா இருந்துச்சு?”

“ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா. உன்னைக் குத்தம் சொல்லவே முடியாது,” என்றார் சாந்தம்மா. மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எழவில்லை.

“அப்போ கல்யாணத்துக்கு எங்களையே முடிவு பண்ணிக்கலாங்களா?”

சாந்தம்மா கணவரைப் பார்த்தார். வந்ததிலிருந்து வாய் திறக்காத கரியப்பன், கேக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கீழே வைத்து எழுந்தார்.

“பையனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலேன்னு தரகர் சொன்னது பொய்யின்னு கண்ணாலயே பாத்தாச்சு, இன்னும் எதுக்கு நம்ம பொண்ணு போட்டோவையும் ஜாதகத்தையும் பையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கே, எந்திரி சாந்தா.”