நான் வரைந்த முதுகு

ஊர் சுற்றப் போன இடத்தில் பார்த்ததையெல்லாம் படமாக வரைந்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரைகிறவர் நடுநடுவே தலையை நிமிர்த்தி, கூட வந்தவர் கூடத்தான் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வது அதைவிட நல்ல பழக்கம். இது எனக்கு ஏற்காட்டில் தெரிய வந்தது. கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிய வந்தது.

எங்கள் வீடு சேலத்தில். மொட்டை மாடிக்குப் போனால் எதிரே ஏற்காட்டு மலைதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மலையைப் பார்த்துக்கொண்டேதான் துணி உலர்த்துகிறேன், வடகம் காயவைக்கிறேன் (மலைமேல் மேகம் கறுத்தால் வடகத்தை எடுத்துவிட வேண்டும், அந்த மலையால் எனக்கு இருந்த உபயோகம் அவ்வளவுதான்). பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்ததில், என் வீட்டுக்காரர் மில் வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார், அவருக்கு முழங்கால் வலியும் வந்துவிட்டது. கடைசியில் எங்கள் மகள் வனிதாதான் அங்கே ஒரு லாட்ஜில் ரூம் போட்டு, எங்கள் இருவரையும் பஸ் ஏற்றிவிட்டாள். ஏற்றும்போது என் கையில் கெட்டி அட்டை போட்ட ஒரு வெள்ளை நோட்டையும் கலர் பென்சில் டப்பாவையும் திணித்தாள்.

"அம்மா, ஃபோட்டோ எடுத்தா அது ஃபோனுக்குள்ளயே கெடக்கும், ஆரும் பாக்க மாட்டாங்க. நீதான் கோலமெல்லாம் அத்தனை அழகாப் போடறியே. பாக்கறதை வரைஞ்சு, பக்கத்துல ரெண்டு வரி எழுதி வெய்யி."

"எனக்கெதுக்கு கண்ணு இதெல்லாம்? நாலு பேரு பாத்தா சிரிப்பாங்க."

"நாலு பேரு உன்னையப் பாக்கறதுக்கா ஏற்காடு வர்றாங்க?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் நான் பிறவிக் கூச்சக்காரி. டவுன் பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால்கூட "இறங்கணும்" என்று சொல்லக் கூசி, அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கும்போது சேர்ந்து இறங்கி, நடந்து திரும்பி வருகிறவள். அப்படிப்பட்டவள் நாலு பேர் நடுவில் நோட்டை விரித்து வைத்துப் படம் வரைவதென்றால் நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இருந்தாலும் போன அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். லாட்ஜ் ஜன்னல் வழியாகத் தெரிந்த மிளகுக்கொடி, அதற்குப் பக்கத்தில் காப்பிச் செடி. என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதென்ன புள்ள, தக்காளியா?"

"காப்பிப் பழமுங்க."

"அப்பப் பக்கத்துல எழுதிப்போடு. இல்லாட்டி உன்ற மக ரசம் வெச்சுப்போடுவா."

மறுநாள் கரடியூர் போனோம். அங்கே நின்று பார்த்தால் கீழே ஊரெல்லாம் தெரியுமாம். அன்றைக்குப் பனி மூடி, எனக்கு முன்னால் நின்ற அவரே அரைகுறையாகத்தான் தெரிந்தார். நான் பக்கத்தை வெள்ளையாகவே விட்டு, கீழே "கரடியூர். பனி. ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதினேன். "உன்ற நோட்டுலயே அச்சு அசலா வந்திருக்கறது இது ஒண்ணுதான்" என்றார்.

மனிதர்களை வரைவதில்தான் எனக்குச் சங்கடம். முகம் வரைய வேண்டுமென்றால் முகத்தை உற்றுப் பார்க்க வேண்டும். அவர்களும் திருப்பிப் பார்ப்பார்கள். அதனால் எல்லாரையும் பின்பக்கமாகவே வரைந்தேன். சோளக்கதிர் சுடுகிற அம்மாவின் பின்பக்கம், ஆரஞ்சு விற்கிறவரின் பின்பக்கம். என் வீட்டுக்காரரையும் அப்படித்தான். (புருஷன் முகத்தை உற்றுப் பார்த்து வரைவதா? அதுவும் வெளியூரில்?) அவர் முதுகென்றால் எனக்கு மனப்பாடம். கல்யாணமான புதிதில் இருந்தே அவர் முன்னால் நடப்பார், நான் நாலடி பின்னால் நடப்பேன். கோயில், கடைவீதி, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் அப்படித்தான். ஆயிரம் முதுகை வரிசையாக நிறுத்தினாலும் அவருடையதைக் காட்டிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

அவருக்கோ ஏற்காட்டில் ஒரே ஓர் ஆசைதான். ஏரியில் கால்மிதிப் படகு.

"மில்லுல மிசினு கூடவே காலம் போயிருச்சு. ஒருநாளைக்காச்சும் உன்னைய உக்கார வெச்சுப் படகு மிதிக்கோணும். அதுல பின்னால வர்ற சோலியே இல்லை பாரு. பக்கத்துலதான் உக்காரோணும்."

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். நாலு பேர் பார்க்க அவர் பக்கத்தில் உட்காருவது அதைவிடப் பயம். முதல் நாள் தலைவலி என்றேன். இரண்டாம் நாள் "நாளைக்குப் போலாமுங்க" என்றேன். கடைசி நாள் காலையில், இனிமேல் சொல்ல ஒன்றும் இல்லாததால், சரி என்றேன். மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டார், குரங்குக் குல்லாயைச் சரி செய்துகொண்டார். இரண்டும் பழுப்பு நிறம். முந்தின நாள் ஒண்டிக்கடை முக்கில் ஒரு கடையில் வாங்கியது. சேலத்துக்காரர்களுக்குக் கம்பளித் துணி ஏது? மலை ஏறி, குளிர் அடித்த பிறகுதான் கடை தேடுவோம். (அந்தக் கடைக்காரர் பழுப்பு ஸ்வெட்டரை எங்களுக்கு மட்டும் விற்கவில்லை என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.)

படகுத்துறையில் என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் பட்டுவிடும் என்று தன் ஃபோனை என் பையில் போட்டார். "இங்கயே இரு, நான் டிக்கெட் எடுத்துப்போட்டு வந்து கூப்படறன்" என்று வரிசைக்குப் போனார்.

நான் நோட்டை எடுத்தேன். வரிசையில் நிற்கிற அவர் முதுகு, பின்னால் ஏரி. படம் நன்றாகவே வந்தது. குல்லாய் வரைந்தேன், ஸ்வெட்டரின் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தீட்டினேன். நிமிர்ந்தபோது அவர் வரிசையை விட்டுக் கம்பி வேலிப் பக்கம் போயிருந்தார். படம் பாதியில் நிற்கிறதே! நானும் எழுந்து நாலடி பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் அங்கிருந்து யூகலிப்டஸ் மரத்தடிக்குப் போனார். நானும் போனேன். டிக்கெட் எடுக்காமல் இவர் ஏன் இப்படிச் சுற்றுகிறார் என்று தோன்றியது. ஆனால் அவரிடம் ஏன் என்று கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

அப்போதுதான் ஏரிக்குள் ஒரு படகைப் பார்த்தேன். இருவர் உட்காருகிற படகில் ஒற்றை ஆளாக ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார். மிதிப்பதை நிறுத்திவிட்டு, எங்கள் கரையைப் பார்த்துக் கையை ஆட்டினார். நன்றாகப் பார்த்தேன். என்னைப் பார்த்துத்தான் ஆட்டுகிறார்!

எனக்கு உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்துவிட்டது. என்ன மனிதர் இவர்? கட்டின புருஷன் கண்ணெதிரே நிற்கும்போது ஒரு பொம்பளையைப் பார்த்துக் கையாட்டலாமா? சடாரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் நகர்ந்து நின்றேன். படத்தில் படகே வரக்கூடாது என்று ஏரியை முழுக்க நீலமாக அழுத்தித் தீட்டிவிட்டேன்.

"ஏனுங்க அம்மணி!"

பக்கத்தில் ஒரு அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நானும் நொம்ப நேரமாப் பாத்துக்கிட்டே இருக்கறன். என்ற ஊட்டுக்காரர் போற பக்கமெல்லாம் பின்னாலயே வர்றீங்களே, என்ன சமாச்சாரமுங்க?"

"உங்க ஊட்டுக்காரரா? இவரு என்ற..."

முதுகு திரும்பியது. முகத்தில் இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் மீசை. என் வீட்டுக்காரர் ஆயுளில் மீசை வைத்ததில்லை.

அந்த அம்மா என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டார். "அய்யோ, இங்க வந்து பாருங்க, உங்களைய வரைஞ்சே வெச்சிருக்காங்க!"

மீசைக்காரர் வந்து, சந்தோஷமாகப் பார்த்தார். "அட, நல்லாத்தான் இருக்குது. ஆனா எனக்கு இத்தனை கூன் இல்லீங்களே?"

"இருக்குது. நிமிந்து நடங்கன்னு நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிட்டன். இப்ப அவங்க வரைஞ்சே காட்டிப்போட்டாங்க" என்று அந்த அம்மா திடீரென்று என் கட்சிக்கு வந்துவிட்டார். அதற்குள் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பூமி பிளக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிளக்கவில்லை. டிக்கெட் கவுண்டருக்கு ஓடினேன்.

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் ஆளைக் காணோம் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"பதறாதீங்க பாட்டி. அவரு ஃபோன் நம்பர் இருக்குதுங்களா?"

நோட்டின் அட்டையில் வனிதா எழுதியிருந்ததைக் காட்டினேன். அந்தப் பெண் கூப்பிட்டாள். என் பை பாட ஆரம்பித்தது.

"பாட்டி, உங்களுக்கு ஃபோன் வருது பாருங்க."

"அது அவருதுங்க."

"செரி, பேரு சொல்லுங்க, மைக்குல கூப்படலாம்."

அவர் பெயரை நான் வாயால் சொன்னதே கிடையாது. நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். "அடையாளம்?" என்றாள். பழுப்பு ஸ்வெட்டர், பழுப்புக் குல்லாய் என்றேன். அவள் வரிசையைக் கை காட்டினாள். வரிசையில் பாதிப் பேர் என் வீட்டுக்காரராக நின்றுகொண்டிருந்தார்கள்.

"மூஞ்சி தெரியற மாதிரி ஒரு படமாச்சும் இருக்குதுங்களா?" என்று நோட்டைப் புரட்டினாள். எல்லாம் முதுகு.

அப்போது படகு ஏறும் படிக்கட்டுப் பக்கமிருந்து, முழங்கால் வரை நனைந்துபோய், மூச்சு வாங்கிக்கொண்டு, அசல் ஆள் வந்தார்.

"எங்க புள்ள போன? பெஞ்சுல பாத்தா காணம். நம்ம முறை வந்திருச்சு, ஏறுங்கன்னு அவசரப்படுத்தறாங்க. தண்ணிக்குள்ள போயிப் பாத்தா கரை முச்சூடும் தெரியுமல்ல, உன்னையக் கண்டுபிடிச்சு ஏத்திக்கலாம்னு போனன். கண்டும் பிடிச்சன். கைய ஆட்டுனன், ஆட்டுனன், தோளே கழண்டுபோச்சு. நீ ஒருக்கா நிமிந்து பாத்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. என்ன, கோவமா?"

"ஆரோன்னு நெனச்சுட்டனுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் திட்டியிருந்தால் தேவலாம். மனிதர் சிரித்தார். கவுண்டர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "செரி வா, இன்னொரு டிக்கெட் எடுக்கறன், இப்பப் போலாம்" என்று திரும்பினார். அதற்குள் மலையிலிருந்து பனி இறங்கி, ஏரியை மூடிவிட்டது. படகை நிறுத்திவிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். பனி விலகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"உடு, அடுத்த வருசம் வரலாம்" என்றார். அடுத்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இடையில் இருந்த அந்தக் கொஞ்ச நாளில் ஒரு கல்யாணம், காதுகுத்து விடாமல் சொல்லித் தீர்த்தார்: "என்ற ஊட்டுக்காரி ஏற்காட்டுல என்னையத் தண்ணியில உட்டுப்போட்டு, மீசைக்காரர் ஒருத்தர் பின்னால போயிட்டா!" எல்லாரும் சிரிப்பார்கள். நான் சமையல்கட்டுக்குள் போய்விடுவேன். வெளியே வந்து நானும் ஒருமுறை சேர்ந்து சிரித்திருக்கலாம்.

அந்தப் படத்தில் மீசைக்காரர் முதுகு பட்டை பட்டையாக அழகாக இருக்கிறது. ஏரி வெறும் நீலம். "அப்பாவை இப்ப அதுல வரைஞ்சு உடும்மா, அதுக்கென்ன?" என்கிறாள் வனிதா. வரையத்தான் பார்த்தேன். படகு வந்துவிட்டது, குல்லாயும் வந்துவிட்டது. எந்தக் கையை ஆட்டினார் என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டு ஆட்டினாரா, தேடிக்கொண்டு ஆட்டினாரா, அதுவும் தெரியவில்லை. பார்த்திருந்தால்தானே?

அதிலிருந்து எனக்கு ஒரு வியாதி. யார் எங்கிருந்து கையாட்டினாலும் நானும் ஆட்டிவிடுகிறேன். கூச்சமெல்லாம் மற்ற காரியங்களுக்குத்தான். எதிர் மாடியில் ஜன்னல் துடைக்கிறவருக்கு ஆட்டியிருக்கிறேன், பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சைகை காட்டுகிற கண்டக்டருக்கு ஆட்டியிருக்கிறேன். "அம்மா கூட ரோட்டுல நின்னா போற ஆட்டோ பூராவும் நின்னுரும்" என்று வீட்டில் ஒரே கேலி. பேரப்பிள்ளைகள் பக்கத்து அறையிலிருந்துகூடக் கையாட்டிப் பார்க்கிறார்கள், நான் ஆட்டுகிறேனா என்று.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பக்கம் ஒருவர் பலமாகக் கையாட்டினார். நானும் பலமாக ஆட்டினேன்.

"அம்மா, மானத்தை வாங்காத!" என்று வனிதா என் கையைப் பிடித்து இறக்கினாள். "அவரு நம்ம பின்னால நிக்கறவங்களுக்கு ஆட்டறாரு."

"இருக்கட்டும் கண்ணு," என்றேன். "அவங்க பாக்காம உட்டுட்டா?"