காளை மூக்கும் ஹெச்.டி. டிவியும்

கோவில்பட்டியில் ஒரே படத்தை அதிக முறை பார்த்தவர் யார் என்று போட்டி வைத்தால், ரீவைண்டு அண்ணாச்சியை எதிர்த்து நிற்க ஒருவரும் வரமாட்டார்கள். அதிலும் அவர் பார்த்தது முழுப் படம்கூட இல்லை. ஒரு டிவிடியின் கடைசி நிமிடம் மட்டும்.

அவர் புண்ணாக்குக் கடை வைத்திருந்தார். நான் அதற்கு மேல் மாடியில் குடியிருந்தேன். எப்போதும்வென்றான் ஊரில் நடந்த மாட்டுவண்டிப் பந்தயத்தில் அவர் வண்டியும் தங்கை கணவர் வண்டியும் கரிசல் புழுதிக்குள் ஒன்றாக எல்லைக்கோட்டைத் தாண்டின. ஒரு மாட்டு மூக்கு நீள வித்தியாசத்தில் மாப்பிள்ளைதான் ஜெயித்தார் என்று தீர்ப்பு. அத்தோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

யாரோ எடுத்த அந்தப் பந்தய டிவிடி கடையில் எந்நேரமும் ஓடும். கடைசிக் கட்டத்தில் நிறுத்துவார், பின்னால் ஓட்டுவார், மறுபடி நிறுத்துவார்.

"சொல்லும்வே, எம்மாட்டு மூக்குதான முன்னால நிக்கி?"

"ஆமா அண்ணாச்சி" என்றவர்களுக்கு ஒரு கை பருத்திக்கொட்டை கூடுதலாக விழும். "சரியாத் தெரியலையே" என்றவர்கள் தீவனத்துக்கு வேறு கடை தேட வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்துத் தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்துவார்கள்? தங்கை வாழ்க்கைப்பட்ட நாகலாபுரத்திலிருந்து ஆள் மேல் ஆள் வந்து அழைத்தார்கள். அண்ணாச்சி அசையவில்லை.

"மொதல்ல மூக்கு வெவகாரம் முடியட்டும். பொறவு காதப் பாப்போம்."

ஹெச்.டி. டிவி ஊருக்குள் வந்த புதிது. டிவி கடைக்காரர் சும்மா இருக்காமல், "ஈயோட கண்ணுகூடத் தெரியும் அண்ணாச்சி" என்று சொல்லிவைத்தார்.

"மாட்டு மூக்கு தெரியுமாவே?"

"முட்ட வார மாதிரி தெரியும்!"

அன்றே டிவி வந்து இறங்கியது. வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று தங்கை வீட்டுக்கும் ஆள் போயிற்று.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டிவிடியைப் போட்டார்கள். பழைய பெட்டியில் மங்கலாகவாவது இருந்த மூக்கு, பெரிய திரையில் காணாமலே போய்விட்டது. இரண்டு ஜோடி மாடும் ஒன்றாகக் கலந்து, தண்ணீர் கூடிப்போன தோசை மாவு மாதிரி நின்றன.

"என்னவே இது?"

"டிவிடியில இருக்கதத்தான அண்ணாச்சி டிவி பெருசாக் காட்டும்? இல்லாத மூக்குக்கு அது எங்கன போவும்?" என்றார் டிவியை மாட்ட வந்திருந்த அதே கடைக்காரர், கூச்சமே இல்லாமல்.

மாப்பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். தங்கை எழவில்லை.

"அண்ணே, எந்த மாடு ஜெயிச்சா எனக்கென்ன? எம்பிள்ளைக்குக் காது குத்த நான் வேற யாரு மடிக்குப் போவேன்?"

அண்ணாச்சி ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி நிறுத்தினார். திரைக்குப் பக்கத்தில் போய் நின்று வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"தெரியுது. மாப்ள மாடுதான் முன்னால."

மாப்பிள்ளை பதறிப்போனார். "இல்ல மச்சான், எனக்கு ஒங்க மாடுல்லா முன்னால தெரியுது!"

"எனக்குக் கண்ணு இல்லையாவே? ஓம்ம மாடுதான்!"

"ஒங்க மாடுதான் மச்சான்!"

அடுத்த சண்டை சூடு பிடிப்பதற்குள் தங்கை பிள்ளையைத் தூக்கி அண்ணன் கையில் கொடுத்துவிட்டாள்.

காதுகுத்துக்கு நானும் போயிருந்தேன். ஊசி பட்டதும் பிள்ளை ஒரு தடவை வீறிட்டது, மிட்டாயைக் கண்டதும் அடங்கிவிட்டது. மடியில் வைத்திருந்த மாமன்தான் அழுகையை நிறுத்தவில்லை. காது குத்திய ஆசாரி, பிள்ளையை விட்டுவிட்டு அவரைத் தேற்றிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கண் கலங்கிவிட்டது, இப்படி ஒரு மாமன் எனக்கு வாய்க்கவில்லையே என்று.