நஞ்சுண்டன் சும்மா இருந்த மூன்று நாள்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது சக்கரம் என்பார்கள். விவரம் தெரியாதவர்கள் பேச்சு அது. தலையாயது கட்டம் போட்ட காகிதம். சக்கரம் வண்டியைத்தான் நகர்த்தும். கட்டம் போட்ட காகிதமோ, கண்ணெதிரே நிற்கும் ஆளை இல்லாமலே செய்துவிடும்.

1931 ஜனக் கணக்கு முடிந்த கையோடு, கோயமுத்தூரில் பென்ஷன் வாங்கும் ஐந்து கனவான்கள் கூடி 'முதியோர் பளு ஆராய்ச்சிக் கமிட்டி' கண்டார்கள். உழைக்கிற நூறு பேர் தலையில் எத்தனை கிழங்கள் உட்கார்ந்து தின்கின்றன என்று கண்டறிந்து தேசத்தை உய்விப்பது நோக்கம். தலைவருக்கு வயது எழுபத்தொன்று. படியேறினால் மூச்சு வாங்கும் என்பதால் கூட்டங்கள் கீழ்த்தளத்திலேயே நடந்தன. குமாஸ்தா அடியேன்; நானும் பென்ஷன்காரன்தான்.

சரவணம்பட்டிக்கு வடக்கே ஒரு கிராமத்தில் முதல் கணக்கு. அறுபத்தெட்டு வயது நஞ்சுண்டன் தம் தோட்டத்துக் கிணற்றில் எருது பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். எருதுகள் இரண்டும் சரிவில் இறங்கினால் கயிற்றில் கட்டிய சால் நிறைய நீர் மேலே வரும். பின்னுக்கு நடந்தால் சால் கிணற்றுக்குள் போகும். அவரோடு நானும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு முன்னே ஓடினேன், பின்னே ஓடினேன்.

"என்ன வேலை செய்கிறீர்?"

"நானெங்கீங்க வேல செய்யறேன்! பையன் ஊத்தற கஞ்சியக் குடிச்சுப்போட்டு ஒரு மூலையில கெடக்கறேனுங்க," என்றார், எருதை அதட்டிக்கொண்டே.

ஆகா, கொங்கு நாட்டு அடக்கம்! தான் பாடுபடுவதைத் தன் வாயால் சொல்லிக்கொள்வது அங்கே பெருமையில்லை. வேப்ப மரத்தடியில் கால் நீட்டிக் கிடந்த மகன் திருமூர்த்தியைக் கேட்டேன்.

"எங்கய்யன வேல செய்ய உடுவேனுங்களா? உக்கார வெச்சுத்தானுங்க சோறு போடறேன். இல்லாட்டி ஊரு என்ன பேசும்?"

இருவர் வாக்குமூலமும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போயின. மகன் 'சம்பாதிப்பவர்'. அப்பா 'சார்ந்தவர்'. அம்மா நஞ்சம்மாள் எருமையைக் கறந்துகொண்டிருந்தார், அவரும் 'சார்ந்தவர்'. நான் கண்ணால் கண்டதை எழுதுவதற்கு அந்தக் காகிதத்தில் கட்டமில்லை.

நூற்றுக்கு அறுபத்திரண்டு கிழங்கள் என்று கணக்கு வந்தது. தலைவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. உடனே தீர்மானம் போட்டார்: சார்ந்தவர்கள் வேலையில் கை வைத்துக் கணக்கைக் கெடுக்கலாகாது, அவர்கள் வசமுள்ள எருதுகள் 'உபரி' ஆகையால் ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்கு அனுப்பத்தக்கவை. திருமூர்த்திக்குப் பரம சந்தோஷம். எருதை விற்றுக் கிராமபோன் வாங்க அவர் வெகுநாளாகத் தவித்துக்கொண்டிருந்தார்.

நஞ்சுண்டன் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, அந்த எருதுக ரண்டும் கன்னுல இருந்து நான் வளத்ததுங்க. அதுக போச்சுன்னா என் உசுரே போயிருமுங்க. நான் வேல செய்யறவன்னு மாத்தி எழுதிப்போடுங்க."

"உம்மைப் போஷிக்கும் மகன் எழுதிக் கொடுத்தால்தான் மாற்றலாம்."

"அவன் தரமாட்டானுங்க. அப்ப நான் சார்ந்தவன்தானுங்களா?"

"சந்தேகமென்ன?"

"வேல செய்யக் கூடாதுங்களா?"

"கூடவே கூடாது."

"செரிங்க. போயிட்டு வாரேனுங்க."

போனவர் கிணற்றோரம் கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டார். கமிட்டியின் உத்தரவை இத்தனை பயபக்தியோடு நிறைவேற்றியவர் இந்த ஜில்லாவில் வேறெவருமில்லை. நஞ்சம்மாளும் அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சோறெங்கே ஆத்தா?" என்றார் மகன்.

"நான் சார்ந்தவளாமா கண்ணு. நீதான் போடோணும்."

மூன்றாம் நாள் தலைவரும் நானும் பரிசோதனைக்குப் போனபோது, கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. பயிர் வாடுகிறதே என்று திருமூர்த்தி தாமே கவலை ஓட்டப் பார்த்திருக்கிறார். புது ஆளைக் கண்ட எருதுகள் மிரண்டு பின்னுக்கு நடக்க, கயிற்றைப் பிடித்த பிடி விடாமல் சாலோடு அவரும் உள்ளே இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீர்.

"அய்யா! என்னைத் தூக்கி உடுங்கய்யா!"

நஞ்சுண்டன் பதறி எழுந்தார். எட்டிப் பார்த்து, நீர் இடுப்பளவுதான் என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"தூக்கலாமுங்களா சாமி? அதும் வேலதானுங்களே?"

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "வேலைதான். முதலில் படிவம் மாற வேண்டும்."

கூடையில் படிவத்தையும் பென்சிலையும் வைத்துக் கிணற்றுக்குள் இறக்கினேன்.

"எங்கய்யன்தானுங்க சம்பாதிக்கறாரு! நாந்தானுங்க சும்மா கெடந்தேன்!" என்று கிணறே அதிரக் கத்திக்கொண்டு கையெழுத்திட்டார் திருமூர்த்தி.

"அந்தியூருக்கு எருது போகாதுன்னும் ஒரு வரி எழுதச் சொல்லுங்க," என்றார் நஞ்சுண்டன். அதையும் எழுதினார். அப்புறம்தான் கிழவர் எருதைப் பூட்டி ஓர் அதட்டல் போட்டார். சாலோடு தொற்றிக்கொண்டு மகன் மேலே வந்தார்.

நஞ்சம்மாளுக்கும் படிவம் மாற்றிக் கொடுத்த பிறகே அடுப்பு எரிந்தது. தேச சேவையில் களைத்திருந்த தலைவருக்கும் எனக்கும் வாழையிலை போட்டார்கள். நஞ்சுண்டன் தம் கையாலேயே நெய் ஊற்றினார்.

"கூச்சப்படாமச் சாப்புடுங்க சாமி. சும்மா உக்காந்து திங்கற பெரியவங்களத் தேடித்தானுங்களே எங்கூட்டுக்கு வந்தீங்க? இன்னிக்குத்தானுங்க ரண்டு பேரு கெடச்சிருக்கறாங்க."