இஞ்சினைப் போடச் சொல்லாத இருவர்

இருபத்தேழு ஆண்டுகளாக உதட்டில் ஒற்றை விரல் வைத்தே ஓராயிரம் வாய்களை அடைத்தவளும், தாமதமாக நூல் திருப்பித் தருவோரின் தீராத அச்சமும், நகர நூலகத்தின் மௌனப் பேரரசியுமாகிய அந்த மாதரசியை முதற்கண் வணங்குகிறோம். கடலே, சற்று ஒதுங்கி நின்று இவள் கதையைக் கேள். இவளை எதிர்த்து நின்றவரையும் வணங்காமல் விடுவது முறையன்று. அவர் இவளுடைய கணவர், பல் டாக்டர், வாயைப் பிளந்தபடி, மறுமொழி சொல்ல வழியின்றி மல்லாந்து கிடக்கும் மாந்தரிடம் முப்பது ஆண்டுகளாக ஓயாது உரையாடிப் பழகியவர். பேசாதிருப்பதே போர் என்றாகிவிட்ட களத்துக்கு அவர் எத்தனை ஆயத்தத்தோடு வந்திருப்பார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

போரின் சட்டம் இது. துறைவாய் கடந்து பாய் விரித்த பின், இஞ்சினைப் போடலாம் என்று எவர் முதலில் சொல்கிறாரோ, அவரே அடுத்த ஆண்டுப் பராமரிப்பில் படகின் அடிப்பாகத்தைச் சுரண்ட வேண்டும். ஏழு ஆண்டுகளுக்கு முன், யார் சுரண்டுவது என்ற வழக்கில் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாதிருந்து, நான்காம் நாள் சாப்பாட்டு மேசையில் இருவரும் கூடி இயற்றியது. ஆண்டுக்கு ஒரே பயணத்துக்குத்தான் இது செல்லும்: பராமரிப்பு முடிந்த படகைப் பட்டறையிலிருந்து தங்கள் ஊர்த்துறைக்குக் கொண்டுசேர்க்கும் பதினெட்டு மைலுக்கு. அந்தப் பதினெட்டு மைலில் காற்று கைவிடாத ஆண்டு இதுவரை வாய்க்கவில்லை.

அடிப்பாகம் சுரண்டுவது என்றால் என்னவென்று அறியாதோர் பாக்கியவான்கள். படகைத் தூக்கிக் கட்டைகள்மேல் நிறுத்தியபின், அதன் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்து, ஓராண்டுக் காலம் ஒட்டி வளர்ந்த சிப்பிக் குலத்தையும் உரியும் பழைய பெயிண்டையும் இரும்புச் சுரண்டியால் பெயர்த்து, பெயர்ந்ததையெல்லாம் தன் முகத்திலேயே ஏந்திக்கொள்ளும் பெருந்தவம் அது.

சென்ற இரு ஆண்டும் தோற்றவள் நம் நாயகி. முதல் முறை ஒரு மழைமேகத்துக்கு அஞ்சி. மறுமுறை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பேச்சுவாக்கில். ஆகவே இவ்வாண்டும் ஐந்து நாள் சுரண்டினாள். ஐந்தாம் நாள் மாலை அவளுடைய வலது தோள் மேலே எழ மறுத்தது. அன்றிலிருந்து தலை வாருவதும் இடக்கை, மேல் தட்டில் புத்தகம் அடுக்குவதும் இடக்கை. இதை அவள் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், போதும், படகை விற்றுவிடலாம் என்பார் அவர். போன குளிர்காலத்தில் தம் முழங்கால் வலித்தபோதே ஒருமுறை சொல்லிப் பார்த்தவர்தான். உலகத்தில் அந்த ஒரு படகில்தான் எது எங்கே இருக்கிறது என்று யாரும் அவளிடம் வந்து கேட்பதில்லை. அதை இழந்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. இன்னொரு முறை சுரண்ட அவளால் முடியாது, எனவே இன்று தோற்கக் கூடாது.

காலை எட்டரை மணிக்கு, புதுப் பெயிண்ட் பூசிய நீலவயிற்றுப் பெருமாட்டியாகிய அவர்களுடைய இருபத்தாறடிப் படகு, கிரேனின் பட்டைகளிலிருந்து நழுவி நீரில் அமர்ந்தது. மெக்கானிக் எண்ணெய் மாற்றி, பெல்ட் மாற்றி, பட்டுத்துணியால் துடைத்ததுபோல் துடைத்து வைத்திருந்த இஞ்சின், துறைவாய் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு ஓய்ந்தது. பாய்கள் எழுந்தன. பெரிய பாயின் கயிற்றை அவளும் ஒரு கை பிடித்து இழுத்துவிட்டு, சுக்கான் இன்றைக்கு என் பொறுப்பு என்று அறிவித்து, அதை இடக்கையால் பற்றி, வலக்கையை மடியில் வைத்துக்கொண்டாள். காற்று இருவரையும் ஒன்றேகால் மணி நேரம் அரசமரியாதையுடன் அழைத்துச் சென்றது.

நாலாவது மைலில் காற்று செத்தது. முறையான அறிவிப்பு எதுவும் இல்லை. வீங்கிப் புடைத்து விம்மிதம் கொண்டிருந்த பாய்கள், உலர்த்த மறந்த போர்வைகளாகத் தொங்கின. கரையில் ஒரு மேட்டின்மேல் நின்ற மஞ்சள் தண்ணீர்த் தொட்டி நேர் பக்கவாட்டில் வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

போர் தொடங்கியது.

டாக்டர் முதல் கணையைத் தொடுத்தார்.

"அந்தா பாரு, தண்ணி கறுக்குது. காத்து வருது."

"வரட்டும்."

"ஏழு மணிக்கு உன் அக்கா வீட்டுல சாப்பாடு."

"அக்கா காத்திருப்பா."

பிறகு அவர் ஒரு கடைவாய்ப் பல்லின் வரலாற்றை அதன் வேர் முதற்கொண்டு விரித்துரைத்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் "ம்" என்றாள். அலமாரிகளுக்கு இடையே சிரித்த கல்லூரிக் கூட்டங்களை அடியோடு அடக்கிய அந்த ஓரெழுத்து முன் டாக்டரின் கதை தேய்ந்து, தடுமாறி, வழி தவறியது.

"மெக்கானிக் பரவாயில்ல, இந்தத் தடவ நல்லா சர்வீஸ் பண்ணியிருக்கான், இந்த இ..."

கடல் மூச்சைப் பிடித்தது. அவளும்தான்.

"எந்த?" என்றாள் அவள், தேன் தடவிய குரலில்.

"இந்த... இடத்தையெல்லாம் நல்லா தொடச்சிருக்கான்."

மயிரிழையில் தப்பிய அவர், தண்ணீர் குடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பதினொன்றரைக்கு ஒரு மீன்பிடிப் படகு வந்தது. அதிலிருந்தவர் வேகத்தைக் குறைத்து, தொங்கும் பாய்களையும் எதிரெதிராக விறைத்து அமர்ந்திருக்கும் இருவரையும் பார்த்தார்.

"இஞ்சின் ஓடலையா?"

"ஓடும்," என்றனர் இருவரும் ஒருமித்த குரலில்.

"அப்புறம்?"

அந்த ஒற்றைச் சொல்லுக்கு நூலகத்திலும் விடையில்லை, மருத்துவத்திலும் விடையில்லை.

"சும்மா உக்காந்திருக்கோம்," என்றார் டாக்டர். மீனவர் இன்னும் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

இதற்கிடையே மூன்றாம் படையொன்று ஓசையின்றிக் களம் புகுந்திருந்தது. மஞ்சள் தொட்டி மெல்ல மெல்ல முன்பக்கம் நகரத் தொடங்கியது. தொட்டிகள் நகரா. நீரோட்டம் திரும்பி, பாய் விரித்த கோலத்தோடு படகைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. இருவரும் அதைக் கண்டனர்; இருவரும் காணாதவர்போல் எதிர்த்திசை நோக்கினர். வெயில் உச்சந்தலையில் ஏறியது. ஒரு மணி வாக்கில், பின்னால் பட்டறையின் கிரேன் தெரிந்தது. அதன் அடியில் காலையில் வழியனுப்பிய மெக்கானிக் நெற்றியில் கை வைத்து நின்றான். பிறகு, குழப்பத்தோடு, கையசைத்தான்.

இருபத்தேழு ஆண்டு மௌனம் அங்கே ஆட்டம் கண்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்து முட்டுவார்கள். பட்டறை முழுவதும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்கும். தோளும் விண்ணென்று தெறித்தது. சுரண்டித் தொலைப்போம், வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

"இஞ்சினைப் போட்டுடலாம்," என்றார் டாக்டர்.

ஆகா, முழங்குக எட்டுத் திசையும். வீழ்ந்தார் வாய்ப்புலத்து வேந்தர். வென்றாள் வாய்மூடி வித்தகி. இரண்டு ஆண்டுத் தோல்வியை ஒரே பகலில் கழுவித் துடைத்த கடல்வாகை சூடினாள். மெக்கானிக்கின் கைவண்ணத்தால் இஞ்சின் முதல் திருப்பிலேயே உயிர்த்தெழுந்தது. படகு தலை திருப்பி, மஞ்சள் தொட்டியை நோக்கி மீண்டும் படையெடுத்தது. டாக்டர் வந்து, எதுவும் முணுமுணுக்காமல், அவள் கையிலிருந்து சுக்கானை வாங்கிக்கொண்டார்.

"தோள் எத்தனை நாளா வலிக்குது?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. முப்பது வருஷமா வலிய மறைக்கிற மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். காலைல கயிறு இழுக்கும்போதே தெரிஞ்சுது."

அவள் யோசித்தாள். காலை என்றால் எட்டரை, ஒன்பது. இப்போது மணி ஒன்றே கால்.

"காலைலயே தெரியும்னா, இவ்வளவு நேரம் எதுக்கு வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?"

டாக்டர் கடலைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்.

"ஜெயிச்சுடலாம்னு பார்த்தேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தோள் வலித்து, கண்ணில் நீரும் வந்தது.

"படக விக்கணும்னு சொல்லுவீங்கன்னு பயந்துட்டேன்."

"ஒரு தோளுக்காக யாராவது படக விப்பாங்களா?"

"முழங்காலுக்காக விக்கலாம்னீங்களே."

"அது என் முழங்கால்."

இவ்வாறாக, ஏழு ஆண்டுகள் இரு தரப்பிலும் எண்ணிறந்த பகல்களைப் பலிகொண்டதும், மேகங்களையும் நீரோட்டங்களையும் அக்காவின் சாப்பாட்டையும் சாட்சிக்கு அழைத்ததும், பேரறிவாளர் இருவர் கூடி இயற்றிய சட்டத்தின் பேரால் நடந்ததுமாகிய அம்மாபெரும் போர் நடுக்கடலில் முற்றுப்பெற்றது.

அடுத்த வருடம் சுரண்டுவதற்கு ஓர் ஆள் வைத்துக்கொண்டார்கள்.