வெற்றிச்செல்வி ஜெயித்துத் தொலைத்த விவகாரம்

ஆலத்தியூர்,
ஞாயிறு காலை.

பெருமதிப்பிற்குரிய மாமா உத்திராபதி அவர்களுக்கு,

தங்கள் மச்சினன் மளிகைக்கடை சிங்காரவேலு பணிவுடன் எழுதிக்கொண்டது. அக்காவின் முட்டிவலி தேவலை என நம்புகிறேன். இங்கு என்னைத் தவிர யாவரும் சுகம். போனில் சொல்லலாம்தான், மகள் வெற்றிச்செல்வி காதில் விழுந்தால் வம்பு. ஆகவே இக்கடிதம்.

விஷயம் என்னவென்றால், அவள் பல்கலைக்கழக இந்தி விவாதப் போட்டியில் முதல் பரிசு வாங்கிவிட்டாள். சந்தோஷம்தானே என்பீர்கள். எங்க மாமா சந்தோஷம்? ஜெயிச்சவங்க அடுத்த மாசம் காசிக்குப் போய்ப் பேசணுமாம். ரெண்டு நாள் ரயிலு! தனியா இவ போயிருக்கிற அதிக தூரமே அரியலூர் காலேஜ்தான்.

தப்பு என் மேலதான். சிமெண்ட் ஆலையில வேலை செய்ற பீகார் ஆளுங்க நம்ம கடைக்கு வர்றாங்க, அவங்க கேக்குறது புரியணுமேன்னு இவளைக் கல்லாவுல உக்கார வெச்சேன், பேசிப் பேசியே இந்தி வந்துடுச்சி, காலேஜ்லயும் அதையே எடுத்துக்கிட்டா. எப்படியும் தோத்துடுவான்னு நெனச்சிதான் பேரு குடுக்க விட்டேன். போட்டி பெரம்பலூர்ல. நம்ம புள்ள பேசறப்ப நம்ம சனம் கைதட்டலன்னா நல்லாவா இருக்கும்னு பதினாலு பேரை வேன்ல ஏத்திக்கிட்டுப் போனேன். ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. அதனால அவ மூக்கைத் தொடறப்பல்லாம் தட்டணும்னு பேச்சு. அன்னிக்குன்னு பாத்து அவளுக்கு ஜலதோஷம்! கர்சீப்பும் மூக்குமா நின்னா, நாங்களும் விடாம தட்டினோம். நடுவர் எழுந்து கோவமா என்னவோ சொன்னாரு, பாராட்டுறாருன்னு நெனச்சி என் சம்சாரம் கொளஞ்சி இருக்காளே, அவ விசிலே அடிச்சிட்டா. தொலைஞ்சிது, இனி பரிசு வராதுன்னு நிம்மதியா இருந்தேன், சத்தியமா. அப்புறம் பாத்தா சபையே விழுந்து விழுந்து சிரிக்குது. எதுக்குன்னே தெரியாம நானும் சிரிச்சேன். முதல் பரிசுன்னுட்டாங்க.

அப்பலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. ரயில்ல அசந்துட்டா எறங்குற ஊரு போயிடுமே, அங்க மூணு வேளையும் சப்பாத்தியாமே, கூட வர்ற மிஸ்ஸுக்குப் போன மாசம்தான் கல்யாணம், அது நம்ம புள்ளயப் பாக்குமா, புருஷனோட போன்ல பேசுமா? பயமா இருக்கு மாமா. நேரா சொல்லலாம்னா அவ மூஞ்சியப் பாத்தா வாய் வரமாட்டேங்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் சம்மதக் கையெழுத்துப் போடணும். உங்க பேச்சை அவ தட்டமாட்டா. நான் சொன்னதாக் காட்டிக்காம, "காசியெல்லாம் வேணாம் பாப்பா"ன்னு ஒரு வார்த்தை போன்ல சொல்லிடுங்க.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசியையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சினன்,
சிங்காரவேலு

பி.கு.: கவரை ஒட்டப் போறப்ப, கடைக்கு வந்த பீகார்க்காரர் ஒருத்தர் அவ பேசின வீடியோவை என் போன்ல பாத்துட்டுக் கண்ணுல தண்ணி வர சிரிச்சாரு. என்னய்யான்னு கேட்டா, அரைகுறைத் தமிழ்ல சொல்றாரு. பொம்பளப் புள்ளைங்களத் தூரமா அனுப்பலாமா, கூடாதாங்கறது தலைப்பாம். சீட்டுப் போட்டதுல இவளுக்கு விழுந்தது 'கூடாது'. எங்கப்பா இப்படிச் சொல்வாரு, எங்கப்பா அப்படிச் சொல்வாருன்னு வூட்ல நான் பொலம்புறதையெல்லாம் ஒண்ணு விடாம அடுக்கிட்டு, "புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவாது, அப்பாங்கதான் தாங்க மாட்டாங்க, அதனால அனுப்பாதீங்க"ன்னு முடிச்சிருக்கா.

கையெழுத்துப் போட்டுட்டேன் மாமா. அவளுக்கு நீங்க போன் பண்ண வேணாம். அவ ரயிலேறுற அன்னிக்கு எனக்குப் பண்ணுங்க.