கல்லீரல் காவலருக்குப் பாராட்டு விழா

கல்லீரல்களுக்கு மட்டும் கால் முளைத்திருந்தால், அவை இந்நேரம் பேராசிரியரின் வீட்டு வாசலில் பூங்கொத்தோடு வரிசையில் நின்றிருக்கும். மனிதகுலத்தின் கல்லீரலைக் காப்பதற்கென்றே அவர் பிறந்தார், படித்தார், பதவி உயர்வு பெற்றார்.

அவருடைய ஆராய்ச்சி முறை மகத்தானது. ஒரு செடியைப் பிடிப்பார். அதன் இலையிலிருந்து ‘நற்பயன் தரும் இயற்கைச் சத்து’ ஒன்றைப் பிரித்தெடுப்பார். எலிகளுக்கு ஒரு வாரம் அந்தச் சாறு. பிறகு கல்லீரலைக் கெடுக்கும் விஷம். சாறு குடித்த எலியின் கல்லீரல், குடிக்காத எலியினுடையதைவிடக் கொஞ்சம் தேவலையாக இருக்கும். கட்டுரை வெளியாகும். அடுத்த வருடம் அதே செடியின் வேர். அதற்கடுத்து பட்டை. செடி தீர்ந்துபோனால் பக்கத்துச் செடி.

இந்தத் தொண்டுக்கு அன்று மாலை பாராட்டு விழா. பேராசிரியர் கோட்டு மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் ஏற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான்.

“என்னடா இது, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு?” என்று பதறினாள் அக்கா.

“பயப்படாதேக்கா. மாமா காட்டின வழியிலதான் போறேன். அவரோட கட்டுரையைப் படிச்சேன். காலையில இலைச் சாறு, சாயங்காலம் வழக்கம்போல பாட்டில். முதல்ல சாறு, அப்புறம் விஷம். முறை தப்பவே இல்ல.”

பேராசிரியருக்குப் புல்லரித்தது. அவர் கட்டுரையைக் கடைசி வரை படித்த முதல் ஆள், சொந்த வீட்டிலேயே!

“உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க. அவன் கண்ணைப் பாருங்க!” என்றாள் மனைவி.

“அவசரப்படாதே. ஒரு ஆளை வச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது. பத்துப் பேராவது வேணும்.”

“எனக்கு இருக்கறது ஒரே தம்பிங்க!”

“ஒப்பிட்டுப் பார்க்க, சாறு இல்லாம வெறுமனே குடிக்கிற ஆளும் ஒருத்தர் வேணுமே.”

“என் கூட்டாளி இருக்கான் மாமா,” என்றான் தம்பி உற்சாகமாக. “சாறுன்னாலே அவனுக்குக் குமட்டும்.”

“அவர் கண்ணு எப்படி?”

“அவனும் மஞ்சள்தான். ஆனா என்னுது கொஞ்சம் வெளிர் மஞ்சள்.”

“பார்த்தியா!” என்று பேராசிரியர் மனைவியின் பக்கம் பெருமையோடு திரும்பினார்.

அப்போதுதான் தம்பி அந்தக் கேள்வியைக் கேட்டான். “சாறு குடிச்ச எலிங்க எல்லாம் இப்ப நல்லா இருக்கா மாமா?”

“கல்லீரல் ரொம்ப நல்லா இருந்துது.”

“எலி?”

“எலி உசிரோட இருக்கும்போது கல்லீரலை எப்படிப்பா எடுத்துப் பார்க்கறது?”

தம்பி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

“எத்தனையோ வாட்டி உங்க எதிர்லயே ஊத்திக் குடிச்சிருக்கேன். நீங்க ஒரு நாளும் வேண்டாம்னு சொன்னதில்ல மாமா. கல்லீரலைப் பத்தி உலகத்துக்கே சொல்றவர் சும்மா இருக்காரே, அப்ப ஆபத்தில்லன்னு நினைச்சுட்டேன்.”

குடியை விட்டால் கல்லீரல் பிழைக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எல்லாருக்கும் தெரிந்ததை எந்த ஆராய்ச்சி இதழும் வெளியிடாது. வெளியிட முடியாததைப் பேசிப் பேராசிரியருக்குப் பழக்கமில்லை.

“எழுந்திரு, கிளம்பலாம்,” என்றார்.

“விழா, மாமா?”

“என் படத்தை வச்சுப் பாராட்டிக்கட்டும். நீ வா.”

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் மச்சினனின் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவன் தண்ணீர் கேட்பதற்கு முன்பே ஓடிப்போய் வாங்கி வந்தார். அந்த அக்கறையை இதுவரை எலிகள்கூட அவரிடம் கண்டதில்லை.

இளம் டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

“சேதம் அதிகம்தான். ஆனா இன்னும் கை மீறிப் போகல. இன்னையோட குடியை விட்டா தேற வாய்ப்பிருக்கு. எவ்வளவு அடிச்சாலும் பொறுத்துக்கிட்டு மறுபடி வளரப் பார்க்கற உறுப்பு இது. கடவுள் அவ்வளவு இரக்கத்தோட படைச்சிருக்கார்.”

பிறகு கோட்டுப் போட்ட பெரியவரை நிமிர்ந்து பார்த்தார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க. ‘குடிக்காதே’ன்னு ஒரு வார்த்தை. அதை முன்னாடியே எடுத்துச் சொல்ல, கல்லீரலைப் பத்திக் கொஞ்சமாவது தெரிஞ்சவங்க உங்க குடும்பத்துல யாருமே இல்லையா?”

மனைவி கணவரைப் பார்த்தாள். பேராசிரியர் தரையைப் பார்த்தார்.

“இல்லைங்க டாக்டர்,” என்றார். “யாருமே இல்லை.”

அவர் வெளியிட்ட முடிவுகளிலேயே ஆதாரத்தோடு நிரூபணமானது அது ஒன்றுதான்.